மன்னார் வளைகுடாவின் இரு கரைகள்: நிலக்கரியும் அணுப்பிளவும், புங்குடுதீவிலிருந்து ஒரு நோக்கு

வட அகலாங்கு எட்டுப் பாகையை ஒட்டி, மன்னார் வளைகுடாவின் இரு கரைகளிலும் இரண்டு பெரும் மின்நிலையங்கள் ஏறத்தாழ நேருக்கு நேர் நிற்கின்றன. மேற்குக் கரையில், திருநெல்வேலி மாவட்டத்துக் கூடங்குளத்தில், யுரேனிய அணுக்கரு பிளவுறும்போது வெளிப்படும் வெப்பத்தைக் கொண்டு இயங்கும் 1,000 மெகாவாட் உலைகள் இரண்டு உள்ளன. கிழக்குக் கரையில், கற்பிட்டிக் குடாநாட்டின் நுரைச்சோலையில், நிலக்கரியை எரித்து இயங்கும் 300 மெகாவாட் அலகுகள் மூன்று உள்ளன. இரண்டுக்கும் இடையிலான தூரம் சுமார் 220 கிலோமீற்றர். யாழ்ப்பாணத் தீவகத்தைச் சேர்ந்த புங்குடுதீவு, நுரைச்சோலைக்கு வடக்கே சுமார் 170 கிலோமீற்றரிலும் கூடங்குளத்துக்கு வடகிழக்கே சுமார் 280 கிலோமீற்றரிலும் இருக்கிறது. முன்னதன் மின்சாரம் அத்தீவின் வீடுகளுக்கு வந்து சேர்கிறது; பின்னதிலிருந்து மின்சாரம் வருவதில்லை, அதைப் பற்றிய அச்சம் மட்டுமே வந்திருக்கிறது.

நிலக்கரியா அணுவா என்ற வினா பெரும்பாலும் இடத்தைக் கருதாமலே எழுப்பப்படுகிறது. ஒரு யூனிட் மின்சாரத்துக்கு இவ்வளவு புகை, இவ்வளவு செலவு, இவ்வளவு உயிரிழப்பு என்று கணக்கிட்டு ஒன்றை மற்றொன்றின்மேல் வைப்பது எளிது, அக்கணக்கு தேவையானதும்கூட. ஆயினும் மின்வலையின் கடைக்கோடியிலுள்ள ஒரு தீவிலிருந்து பார்க்கையில், அந்தக் கணக்கில் அடங்காத சில வினாக்களே விடையைத் தீர்மானிக்கின்றன என்பது தெரியவரும். புங்குடுதீவு வாணர் பாலத்தால் வேலணையோடும், வேலணை வழியே யாழ்ப்பாண நகரோடும் இணைந்திருப்பதால், இலங்கையின் தேசிய மின்வலை அங்கு வரை எட்டுகிறது. தீவின் மேற்கு முனையிலுள்ள குறிகட்டுவான் துறையில் அந்த வலை முடிந்துவிடுகிறது. அங்கிருந்து படகேறிச் செல்லவேண்டிய நயினாதீவிலும் நெடுந்தீவிலும் விளக்கெரிவதற்கு டீசல் மின்பிறப்பாக்கிகளே நெடுங்காலமாக ஆதாரமாக இருந்து வந்துள்ளன. ஆகவே பெருமின்நிலையம் எதைத் தரும், எதைத் தராது என்பதை ஒரே துறைமேடையில் நின்று பார்க்கக்கூடிய இடம் இது.

இரு மின்நிலையங்களுக்கும் இடையிலான வேறுபாடு வெப்பம் பிறக்கும் இடத்தோடு நின்றுவிடுகிறது. நீரைக் கொதிக்கவைத்து, அழுத்தமேறிய நீராவியைச் சுழலியின்மேல் பாய்ச்சி, சுழலியோடு பிணைந்த மின்பிறப்பாக்கியைச் சுற்றி, எஞ்சிய வெப்பத்தைக் கடல்நீரில் கரைத்துவிடுவது என்ற நடைமுறை இரண்டுக்கும் பொதுவானது. உண்டாகும் வெப்பத்தில் மூன்றிலொரு பங்கு சற்று முன்பின்னாக மின்சாரமாகிறது, மீதி வீணாகிறது. நிலக்கரி நிலையம் அந்த மீதியில் ஒரு பகுதியைப் புகைபோக்கி வழியே வானத்துக்கு அனுப்பிவிடுவதால், ஒரே அளவு மின்சாரத்துக்கு அணுமின் நிலையமே கடலை அதிகம் சூடாக்குகிறது. கூடங்குளத்தை அடுத்துள்ள இடிந்தகரை மீனவர்கள் எழுப்பிய முறைப்பாடுகளில் இதுவும் ஒன்று என்பதையும், அது வெறும் அச்சத்தில் பிறந்ததன்று என்பதையும் இங்கே குறித்துவைக்கவேண்டும்.

வெப்பம் பிறக்கும் இடத்தில் வேறுபாடு மிகப் பெரியது. நிலக்கரி எரிதல் ஓர் இரசாயனத் தாக்கம்: காபன் அணு ஒன்று ஒட்சிசனோடு சேர்ந்து காபனீரொட்சைட்டாகும்போது, அணுவின் வெளிப்புற இலத்திரன்கள் மட்டுமே இடம் மாறுகின்றன, வெளிப்படும் சக்தி ஏறத்தாழ நான்கு இலத்திரன் வோல்ற்று. (அணுவளவிலான சக்தியை அளக்கப் பயன்படும் மிகச் சிறிய அலகு இது.) அணுப்பிளவில் அணுவின் கருவே உடைகிறது. யுரேனியம்-235 என்ற வகை அணுவின் கருவை ஒரு நியூத்திரன் தாக்கும்போது அது இரு துண்டுகளாகப் பிளந்து, மேலும் இரண்டு மூன்று நியூத்திரன்களை வெளியேற்ற, அவை அடுத்த கருக்களைத் தாக்க, சங்கிலித் தாக்கம் தொடர்கிறது; ஒவ்வொரு பிளவிலும் சுமார் 20 கோடி இலத்திரன் வோல்ற்று சக்தி வெளிப்படுகிறது. அணுவுக்கு அணு ஒப்பிட்டால் இது ஐந்து கோடி மடங்கு. யுரேனிய அணு கனமானது என்பதையும் கருத்திற்கொண்டு எடைக்கு எடை ஒப்பிட்டாலும், ஒரு கிலோகிராம் யுரேனியம்-235 முழுவதும் பிளவுற்றால் ஏறக்குறைய மூவாயிரம் தொன் நிலக்கரிக்கு ஈடாகும்.

மேடைகளில் சொல்லப்படும் இந்த மூவாயிரம் தொன் கணக்கை அப்படியே ஏற்கலாகாது. நிலத்திலிருந்து எடுக்கப்படும் யுரேனியத்தில் பிளவுறும் வகை 0.7 சதவீதம் மட்டுமே இருப்பதால், அதை நான்கு சதவீதத்தை அண்டிய அளவுக்குச் செறிவூட்டவேண்டும். செறிவூட்டிய பின்னும் அதன் ஒரு பகுதியே உலையில் பிளவுறுகிறது. 1,000 மெகாவாட் உலை ஒன்றுக்கு ஆண்டுதோறும் தேவைப்படும் சுமார் 25 தொன் எரிபொருளைச் செய்ய ஏறத்தாழ 200 தொன் இயற்கை யுரேனியம் வேண்டும். அதே அளவு மின்சாரத்தை நல்ல தரமான நிலக்கரியிலிருந்து பெறச் சுமார் 30 இலட்சம் தொன் வேண்டும். அதாவது நடைமுறையில் வேறுபாடு பல இலட்சம் மடங்கு அன்று, பதினையாயிரம் மடங்கு. அதுவும் பெரிய வேறுபாடுதான்.

இதைப் புங்குடுதீவின் ஒரு வீட்டளவுக்குக் கொண்டுவந்து பார்க்கலாம். நுரைச்சோலையில் ஒரு யூனிட் மின்சாரத்துக்கு ஏறத்தாழ 400 கிராம் நிலக்கரி எரிகிறது. நாலைந்து மின்குமிழ், இரண்டு மின்விசிறி, ஒரு தொலைக்காட்சி, கிணற்றுக்கு ஒரு நீரிறைக்கும் மோட்டர் என்று மாதம் 60 யூனிட் செலவிடும் வீடொன்றுக்கு, அம்மின்சாரம் முழுவதும் நிலக்கரியிலிருந்து வருவதாகக் கொண்டால் 24 கிலோகிராம் எரியவேண்டும். இலங்கையின் மின்சாரத்தில் மூன்றிலொரு பங்கை அண்டிய அளவே நுரைச்சோலையிலிருந்து வருவதால், உண்மையில் அவ்வீட்டின் பேரில் மாதந்தோறும் எரிவது எட்டுக் கிலோகிராம் என்று கொள்ளலாம். அதே 60 யூனிட்டும் கூடங்குளம் போன்ற ஓர் உலையிலிருந்து வந்தால் செலவாகும் எரிபொருள் கிராமில் ஐந்திலொரு பங்கு; ஆண்டு முழுவதற்கும் இரண்டரைக் கிராமுக்கும் குறைவு. விரல்நுனி அளவான ஓர் எரிபொருள் வில்லை அவ்வீட்டை ஏறத்தாழ இரண்டு ஆண்டுகளுக்கு நடத்தும்.

எரிபொருளின் இந்தச் செறிவு பௌதிகவியலாளருக்கு ஒரு விகிதம். முற்றுகையை அறிந்த நிலத்துக்கு அது வேறொன்று. 1990இல் தேசிய மின்வலையிலிருந்து அறுபட்ட யாழ்ப்பாணக் குடாநாடும் தீவகமும், போர் முடிந்த சில ஆண்டுகளின் பின்னரே மீண்டும் அதனோடு இணைந்தன. பொருளாதாரத் தடைக் காலத்தில் மண்ணெண்ணெய் போத்தல் கணக்கில் விலைபோனபோது, ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் திரியும் வைத்து எரித்த விளக்கே ஒரு தலைமுறையின் படிப்பு விளக்காக இருந்தது. எரிபொருளை எவ்வளவு நாளுக்குச் சேமித்து வைக்கமுடியும், அது எந்த வழியாக வருகிறது, அந்த வழியை யார் மறிக்கமுடியும் என்ற வினாக்களை அத்தலைமுறை எந்தப் பாடநூலிலும் படிக்கவேண்டியிருக்கவில்லை.

இந்த வினாக்களை நுரைச்சோலையிடம் கேட்டால் கிடைக்கும் விடை ஆறுதலானதன்று. இலங்கையில் நிலக்கரிச் சுரங்கம் இல்லை. ஆண்டுக்குத் தேவைப்படும் 20 இலட்சம் தொன்னுக்கும் மேற்பட்ட நிலக்கரி இந்தோனேசியா, தென்னாபிரிக்கா, ரஷ்யா போன்ற நாடுகளிலிருந்து கப்பலில் வரவேண்டும். நுரைச்சோலைக் கரையில் பெருங்கப்பல் அணைய ஆழமில்லாததால், கப்பல் வெளிக்கடலில் நங்கூரமிட, நிலக்கரி தட்டைப் படகுகளில் இறக்கப்பட்டுக் கரைக்குக் கொண்டுவரப்படுகிறது. சோளகக் காற்று, அதாவது தென்மேற்குப் பருவக்காற்று, வீசும் மாதங்களில் இது இயலாது. குறிகட்டுவானிலிருந்து நெடுந்தீவுக்குப் படகோட்டுவோருக்குச் சோளகம் என்றால் என்னவென்று விளக்கவேண்டியதில்லை. அதே காற்றுத்தான் நாட்டின் மிகப் பெரிய மின்நிலையத்துக்கும் ஆண்டின் ஒரு பகுதியில் கடலை மூடிவிடுகிறது. ஆகவே ஏறத்தாழ செப்ரெம்பரிலிருந்து ஏப்ரல் வரையான மாதங்களுக்குள் ஆண்டு முழுவதற்குமான நிலக்கரியை இறக்கிக் குவித்துக்கொள்ளவேண்டும். அந்த மாதங்களில் டொலர் இல்லையென்றால் என்னாகும் என்பதை 2022ஆம் ஆண்டு காட்டியது. எண்ணெய்க்கும் நிலக்கரிக்கும் அந்நியச் செலாவணி தேடி நாடு அலைந்த அவ்வாண்டில், மார்ச் மாத இறுதியில் நாளொன்றுக்கு 13 மணிநேர மின்வெட்டு அறிவிக்கப்பட்டது.

அணுஉலைக்கு இத்தொல்லை மிகக் குறைவு. கூடங்குளத்தின் உலையொன்றில் 163 எரிபொருட் கட்டுகள் உள்ளன. ஓராண்டு அல்லது ஒன்றரை ஆண்டுக்கு ஒருமுறை அவற்றில் ஒரு பகுதியை மாற்றினால் போதும், அடுத்தடுத்த ஆண்டுகளுக்கு வேண்டியதை ஒரு களஞ்சியத்தில் வைத்துக்கொள்ளவும் முடியும். ஆனால் கப்பலைச் சார்ந்திருப்பது குறையும் அளவுக்கு உடன்படிக்கையைச் சார்ந்திருப்பது கூடுகிறது என்பதை மறக்கலாகாது. அமெரிக்காவின் எரிபொருளை நம்பிக் கட்டப்பட்ட மகாராட்டிரத்துத் தாராப்பூர் உலைகள், 1974இல் இந்தியா பொக்ரானில் அணுவெடிப்புச் சோதனை நடத்தியபின் அந்த எரிபொருளை இழந்து, 1980களில் பிரான்ஸிடமிருந்து பெற்றுச் சமாளிக்கவேண்டியதாயிற்று. நிலக்கரியைப் பல நாடுகளிடம் விலை கேட்டு வாங்கலாம். ஒரு குறிப்பிட்ட வடிவமைப்பு உலைக்கான எரிபொருட் கட்டைச் செய்பவர்கள் உலகில் மிகச் சிலரே.

தீங்குகளின் ஒப்பீட்டில் நிலக்கரி தோற்கும் அளவு பொதுவாக எண்ணப்படுவதைவிடப் பெரியது. நிலக்கரி எரியும்போது நுண்துகள்கள், கந்தகத்தினதும் நைதரசனினதும் ஒட்சைட்டுகள், சிறிதளவு இரசம் ஆகியன காற்றிற் கலக்கின்றன. இவை நுரையீரல், இதய நோய்களால் ஏற்படும் மரணங்களை மிகுவிக்கின்றன. அனில் மார்க்கண்டேயாவும் பால் வில்கின்சனும் 2007இல் 'லான்செட்' மருத்துவ இதழில் வெளியிட்ட ஆய்வின்படி, ஐரோப்பிய நிலைமைகளில் நூறு கோடி யூனிட் மின்சாரத்துக்கு நிலக்கரியால் ஏற்படும் மரணங்கள் ஏறத்தாழ 25. அணுசக்தியால் ஏற்படுவது ஒன்றில் பத்திலொரு பங்குக்கும் குறைவு. காலநிலைக் கணக்கும் அவ்வாறே. காலநிலை மாற்றம் குறித்த அரசுகளுக்கிடையிலான குழு 2014இல் தந்த நடுத்தர மதிப்பின்படி, சுரங்கம் தோண்டுவதிலிருந்து நிலையத்தைக் கழற்றுவது வரை எல்லாவற்றையும் சேர்த்து, ஒரு யூனிட்டுக்கு நிலக்கரி 820 கிராமும் அணுசக்தி 12 கிராமும் காபனீரொட்சைட்டுக்கு ஈடான வாயுக்களை வெளியேற்றுகின்றன. தட்டையான, தாழ்ந்த, கிணற்று நன்னீர் கடல்நீரின்மேல் மெல்லிய படையாக மிதக்கும் சுண்ணக்கல் தீவொன்றுக்கு இந்த வேறுபாடு தொலைவான செய்தியன்று. கடல்மட்டம் உயர்ந்தால் முதலில் உவர்ப்பது அதன் கிணறுகளே.

இவ்விடத்தில் ஒரு தவறான வாதத்தையும் ஒதுக்கிவிடவேண்டும். நிலக்கரிச் சாம்பல் அணுக்கழிவைவிடக் கதிரியக்கம் மிக்கது என்று அணுசக்தி ஆதரவாளர் பலர் எழுதுகின்றனர். அமெரிக்காவின் ஓக் ரிட்ஜ் ஆய்வுகூடத்தினர் 1978இல் 'சயன்ஸ்' இதழில் காட்டியது இதுவன்று: வழமையான இயக்கத்தின்போது சுற்றுப்புறத்துக்கு வெளியேறும் கதிரியக்கத்தையே அவர்கள் ஒப்பிட்டனர், நிலக்கரியில் இயல்பாகவுள்ள சிறிதளவு யுரேனியமும் தோரியமும் புகையோடு வெளியேறுவதால், நிலக்கரி நிலையத்தின் அயலில் வசிப்போர் பெறும் கதிரளவு அணுமின் நிலையத்தின் அயலாரது அளவுக்கு ஒப்பாகவோ கூடுதலாகவோ இருக்கலாம் என்பதே அதன் பொருள். உலையிலிருந்து எடுத்த எரிபொருட் கட்டு பல்லாயிரம் ஆண்டு மனிதரிடமிருந்து விலக்கிவைக்கப்படவேண்டிய பொருள். சாம்பலோடு அதற்கு ஒப்பீடே இல்லை. சாம்பலின் கேடு அதன் அளவில் இருக்கிறது. நுரைச்சோலையிலிருந்து ஆண்டுதோறும் வெளிவருவது இலட்சக்கணக்கான தொன். அதில் ஒரு பகுதி சீமெந்து ஆலைகளுக்குப் போனாலும், காற்றில் பறக்கும் தூசி கற்பிட்டியின் மரக்கறித் தோட்டங்களில் படிவதாக அங்குள்ள கமக்காரர் முறையிட்டு வந்திருக்கின்றனர்.

நுரைச்சோலையின் முதல் அலகு திறந்துவைக்கப்பட்டது 2011 மார்ச் 22இல். அதற்குப் பதினொரு நாள் முன்னர்தான் ஜப்பானின் புக்குஷிமாவில் ஆழிப்பேரலை அணுஉலைகளின் குளிரூட்டலை முடக்கியிருந்தது. உலகம் முழுவதும் அணுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த அந்த வாரங்களில், இலங்கை தன் முதல் நிலக்கரி நிலையத்தை ஏற்றுக்கொண்டது. அதே ஆண்டில் வளைகுடாவின் மறுகரையில் இடிந்தகரை மாதா கோயில் முற்றத்தில் கூடங்குளம் உலைகளுக்கு எதிரான நீண்ட போராட்டம் மூண்டது. ஆயிரக்கணக்கானோர்மீது அரச துரோக வழக்குகள் பதியப்பட்டன. 2013 மே 6இல் இந்திய உச்ச நீதிமன்றம் நிபந்தனைகளோடு உலைகளுக்கு அனுமதியளித்தது. அவ்வச்சம் கடல் தாண்டி மன்னாருக்கும் யாழ்ப்பாணத்துக்கும் பரவியது, 2012இல் இலங்கை அரசும் அதைச் சர்வதேச அணுசக்தி முகாமையில் எழுப்பியது.

அவ்வச்சம் எவ்வளவு நியாயமானது? 1986 ஏப்ரல் 26இல் செர்னோபிலில் வெடித்த உலையின் கதிரியக்கத் துகள்கள், 1,100 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள சுவீடனின் போர்ஸ்மார்க் அணுமின் நிலையத்தில் இரண்டு நாளில் கண்டறியப்பட்டன. ஆகவே 280 கிலோமீற்றர் என்பது எட்டாத தூரமன்று. ஆனால் கண்டறியப்படுவது ஒன்று, உயிருக்கு ஊறு செய்வது வேறொன்று. மக்கள் நிரந்தரமாக வெளியேற்றப்பட்டது முதன்மையாக உலையைச் சூழ்ந்த 30 கிலோமீற்றர் வட்டத்திலிருந்தும் அதற்கப்பால் மழையோடு துகள்கள் படிந்த திட்டுகளிலிருந்துமே. முதல் மாதங்களில் இறந்தோர் ஏறத்தாழ 30 பேர். மிகுந்த கதிரளவுக்கு ஆளானோரிடையே காலப்போக்கில் 4,000 மரணங்கள் வரை நேரலாம் என்று ஐ.நா. அமைப்புகள் 2005இல் மதிப்பிட்டன. புக்குஷிமாவில் கதிர்வீச்சால் நேர்ந்ததாக அரசு ஏற்றுக்கொண்ட மரணம் ஒன்றே ஒன்று. ஆனால் ஒன்றரை இலட்சம் பேரை வெளியேற்றியதால் முதியோரும் நோயாளரும் உளமுறிவுற்றோருமாக இறந்தோர் இரண்டாயிரத்துக்கும் மேல். இடப்பெயர்வே மனிதரைக் கொல்லும் என்பது 1991இல் போரால் வாணர் பாலத்துக்கு அப்பால் சென்று, பலர் திரும்பியே வராத ஒரு தீவுக்குப் புதிய செய்தியன்று.

அவ்வாறு சென்றவர்கள் குடியேறிய நாடுகளை நோக்கினால், நிலக்கரி–அணு வினாவுக்கு உலகம் தந்த விடைகள் பலவும் புங்குடுதீவாரின் வீடுகளுக்குள்ளேயே கிடைத்துவிடும். பாரிஸில் வாழ்வோரின் மின்சாரத்தில் மூன்றில் இரண்டு பங்கு அணுவிலிருந்து வருகிறது. 1973இன் எண்ணெய் நெருக்கடிக்குப்பின் பிரான்ஸ் எடுத்த முடிவு அது. இலண்டனில் வாழ்வோர், 1882இல் ஹோபர்ன் பாலத்தருகே உலகின் முதலாவது பொது நிலக்கரி மின்நிலையம் தொடங்கப்பட்ட அதே நாட்டில், 2024 செப்ரெம்பர் 30இல் கடைசி நிலக்கரி நிலையம் மூடப்பட்டதைக் கண்டனர். ஜெர்மனி எதிர்த்திசையிற் சென்றது: 2023 ஏப்ரல் 15இல் தன் கடைசி மூன்று அணுஉலைகளை நிறுத்திய அந்நாட்டில் பழுப்பு நிலக்கரி தொடர்ந்தும் எரிகிறது. காலநிலையை முன்னிட்டு நோக்கினால் இது வரிசை பிறழ்ந்த முடிவு. முதலில் அணைக்கப்படவேண்டியது நிலக்கரி. சுவிட்சர்லாந்து 2017இன் மக்கள் வாக்கெடுப்பில் புதிய உலைகளைத் தடைசெய்துவிட்டு, பழையவற்றைப் பாதுகாப்பாக இருக்கும்வரை ஓட்டுகிறது. உலைகளிலிருந்து 50 கிலோமீற்றருக்குள் வாழும் குடும்பங்களுக்கெல்லாம் அந்நாட்டு அரசு அயடீன் மாத்திரைகளை முன்கூட்டியே வழங்கியிருக்கிறது. விபத்தொன்றின்போது இம்மாத்திரையை விழுங்கினால் தைரொயிட்டுச் சுரப்பி நல்ல அயடீனால் நிறைந்துவிட, கதிரியக்க அயடீனுக்கு அங்கே இடமிராது.

ஒன்ராறியோவின் கதை இவற்றுள் மிகவும் கூர்ந்து நோக்கத்தக்கது. ஸ்காபரோவுக்குக் கிழக்கே, தமிழர் செறிந்து வாழும் பிக்கரிங், ஏஜக்ஸ் நகரங்களை ஒட்டி, ஒன்ராறியோ ஏரிக்கரையில் பிக்கரிங் அணுமின் நிலையம் நிற்கிறது. 2014இல் மாகாணத்தின் கடைசி நிலக்கரி நிலையம் மூடப்பட்டபோது அந்த இடைவெளியைப் பெருமளவு நிரப்பியவை அணுஉலைகளே. அதன்பின் தென் ஒன்ராறியோவில் புகைமூட்ட எச்சரிக்கை நாட்கள் ஏறத்தாழ மறைந்துபோயின. 2015இல் நிலையத்தைச் சூழ்ந்த 10 கிலோமீற்றருக்குள் உள்ள வீடுகளுக்கு அயடீன் மாத்திரைகள் அனுப்பப்பட்டன. 2020 ஜனவரி 12ஆம் திகதி காலையில் பிக்கரிங்கில் ஏதோ நேர்ந்துவிட்டதாக மாகாணம் முழுவதும் கைபேசிகள் அலறின; அது தவறுதலாக அனுப்பப்பட்ட செய்தி என்று பின்னர் அறிவிக்கப்பட்டு, விசாரணை நடந்து, அறிக்கையும் வெளியிடப்பட்டது. நிலக்கரியை அணுவால் மாற்றுவது சாத்தியம் என்பதற்கு ஒன்ராறியோ சான்று. அம்மாற்றத்தோடு மாத்திரையும், எச்சரிக்கை முறையும், தவறு நேர்ந்தால் பகிரங்கமாக விசாரிக்கும் நிறுவனமும் சேர்ந்தே வந்தன என்பதற்கும் அதுவே சான்று.

அத்தகைய நிறுவனம் இலங்கையில் எந்த நிலையில் இருக்கிறது என்பதற்குச் சுன்னாகத்தைப் பார்க்கலாம். வலையிலிருந்து அறுபட்ட காலத்தில் குடாநாட்டுக்கு மின்சாரம் தந்தது சுன்னாகத்தில் எண்ணெய் எரித்து இயங்கிய மின்பிறப்பாக்கிகள்தான். அந்த மின்நிலைய வளாகத்தைச் சூழ்ந்த கிணறுகளில் எண்ணெய் மிதக்கிறது, நீர் நாறுகிறது என்று முதலில் கண்டவர்கள் வாளியால் நீர் அள்ளிய வீட்டுக்காரர்களேயன்றி, மேற்பார்வைக்குப் பொறுப்பான எந்த அதிகாரசபையும் அன்று. ஒன்றுக்கொன்று முரண்பட்ட நிபுணர் அறிக்கைகளுக்கும் ஆர்ப்பாட்டங்களுக்கும் பின்னர், 2019 ஏப்ரலிலேயே இலங்கை உயர் நீதிமன்றம் பாதிக்கப்பட்டோருக்கு இரண்டு கோடி ரூபா இழப்பீடு வழங்கும்படி தீர்ப்பளித்தது. வடபகுதி மக்களின் நீரைக் கெடுத்தது நிலக்கரியுமன்று, அணுவுமன்று, சாதாரண எரிஎண்ணெய். கண்ணுக்குத் தெரிகிற, மூக்குக்கு நாறுகிற பொருளொன்றைக் காண இத்தனை காலம் எடுத்த மேற்பார்வை, நிறமும் மணமுமற்ற கதிர்வீச்சை எவ்வாறு காக்கும் என்று கேட்பது அறியாமையின் வெளிப்பாடன்று. 2014இன் 40ஆம் இலக்க அணுசக்திச் சட்டம், அணுசக்தியை வளர்க்கும் சபையையும் அதை ஒழுங்குபடுத்தும் பேரவையையும் வெவ்வேறாக்கியது நல்ல தொடக்கம். ஆனால் சட்டம் மட்டும் நிறுவனமாகிவிடாது.

இரண்டாவது தடை மின்வலையின் சிறுமை. ஒரு மின்வலையில் எந்தத் தனி அலகும் மொத்தத்தில் பத்திலொரு பங்கை மிஞ்சலாகாது என்பது மின்பொறியியலின் பொதுவான நெறி; அவ்வலகு திடீரென நின்றால் ஏனையவை தாங்கவேண்டும் என்பதே காரணம். இலங்கையின் உச்சத் தேவை 3,000 மெகாவாட்டை அண்டியது. ஆகவே நுரைச்சோலையின் 300 மெகாவாட் அலகே எல்லையைத் தொட்டு நிற்கிறது, தேவை குறையும் நள்ளிரவில் அதைத் தாண்டியும் விடுகிறது. 2025 பெப்ரவரி 9, ஞாயிறு முற்பகலில் பாணந்துறைத் துணைமின்நிலையத்தில் ஒரு குரங்கு மின்மாற்றியில் மோதியதால் நாடு முழுவதும் இருண்டது. கேலிச்சித்திரங்களுக்கு அக்குரங்கு பல நாள் தீனியாயிற்று. அதைவிடக் கவனிக்கவேண்டியது பின்னர் நடந்தது: அதிர்ச்சியில் நின்றுபோன நுரைச்சோலையின் மூன்று அலகுகளையும் உடனே மீட்க முடியாததால் அடுத்த நாட்களில் மின்வெட்டு அமுல்படுத்தப்பட்டது. இத்தகைய வலையில் 1,000 மெகாவாட் உலையொன்றைப் பொருத்துவது, அது நிற்கும் ஒவ்வொரு முறையும் நாட்டை இருளில் தள்ளுவதாகும்.

இதன் மறுபக்கம் இன்னும் பாரதூரமானது. நிலக்கரிக் கொதிகலனுக்கு எரிபொருளை நிறுத்தினால் நெருப்பு அணைந்துவிடும். அணுஉலையில் சங்கிலித் தாக்கத்தை நிறுத்திய பின்னும், பிளவில் பிறந்த துண்டுகள் தாமாகச் சிதைந்து வெப்பத்தை வெளியிட்டுக்கொண்டே இருக்கும். கூடங்குளம் அளவிலான உலையொன்றில் இது நிறுத்திய கணத்தில் ஏறத்தாழ 200 மெகாவாட். ஒரு நாள் கழித்தும் 15 மெகாவாட்டை அண்டியிருக்கும். அந்த வெப்பத்தை அகற்ற நீரிறைக்கும் பம்பிகள் ஓடவேண்டும், அவற்றுக்கு வெளியிலிருந்து மின்சாரம் வேண்டும். புக்குஷிமாவில் உலைகள் முறையாக நின்றுவிட்டன. மின்சாரம் அற்றுப்போனதே அவற்றை உருக்கியது. மின்சாரமின்றிக் காற்றோட்டத்தாலேயே இவ்வெப்பத்தை வெளியேற்றும் அமைப்பு கூடங்குளத்தில் உண்டு என்பதைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. ஆயினும் அடிக்கடி இருளும் ஒரு வலையில் அத்தகைய இறுதிக் காப்பையே வழமையான காப்பாக நம்பியிருப்பது விவேகமன்று.

சிறிய உலைகள் இச்சிக்கலைத் தீர்க்கும் என்று இப்போது பேசப்படுகிறது. ரஷ்யாவின் பெவெக் துறைமுகத்தில் 2020 முதல் 35 மெகாவாட் உலைகள் இரண்டைச் சுமந்த ஒரு மிதவைக் கப்பல் மின்சாரம் தருகிறது. சீனா ஹைனான் தீவில் 125 மெகாவாட் உலையொன்றைக் கட்டியிருக்கிறது. இலங்கை வலைக்கு அளவில் பொருந்துபவை இவை. விலையிற் பொருந்துமா என்பதை வாங்கிப் பார்க்கும் முதல் நாடாக, கடன்சுமையிலிருந்து மீளும் ஒரு நாடு இருக்கத் தேவையில்லை. கூடங்குளத்தின் முதலிரு உலைகளுக்கே 13,171 கோடி இந்திய ரூபாவாக இருந்த மதிப்பீடு 22,462 கோடியாக உயர்ந்தது.

நிலக்கரியும் இனி இலங்கைக்குத் திறந்த வழியன்று. இந்தியாவின் தேசிய அனல்மின் கழகத்தோடு சேர்ந்து சம்பூரில் கட்டவிருந்த 500 மெகாவாட் நிலக்கரி நிலையம், 2006இல் போரால் துரத்தப்பட்ட தமிழ் மக்களின் காணிகளை ஒட்டித் திட்டமிடப்பட்டு, மக்களின் எதிர்ப்புக்கும் வழக்குக்கும் பின் 2016இல் கைவிடப்பட்டது. அங்கே இப்போது சூரிய மின்திட்டம் வருகிறது. 2021இல் புதிய நிலக்கரி நிலையம் கட்டுவதில்லை என்ற சர்வதேச உடன்பாட்டில் இலங்கை சேர்ந்தது. குறிகட்டுவானுக்கு அப்பாலுள்ள நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு மூன்றுக்கும் சூரியனும் காற்றும் மின்கலமும் கலந்த திட்டம் முதலில் ஒரு சீன நிறுவனத்துக்குப் போய், இந்தியாவின் ஆட்சேபத்தால் நின்று, பின் இந்திய நன்கொடையில் 2024 மார்ச்சில் ஒப்பந்தமாயிற்று. 1,700 கிலோவாட் சூரிய மின்சாரத்துக்கும் 530 கிலோவாட் காற்று மின்சாரத்துக்கும் இரு வல்லரசுகள் மோதியதைக் கண்டால், அணுஉலைக்கு என்ன நேரும் என்பதை ஊகிப்பது கடினமன்று.

நுரைச்சோலையின் முதல் அலகுக்கு 2041இலும் ஏனைய இரண்டுக்கும் 2044இலும் முப்பது வயது நிறையும். அவற்றின் இடத்துக்கு எது வருவது என்பதை அதற்குமுன் முடிவு செய்யவேண்டும். கூடங்குளத்தின் முதல் உலை 1988இல் ராஜீவ் காந்தியும் கோர்பச்சேவும் கைச்சாத்திட்டதிலிருந்து வணிக உற்பத்திக்கு வர 26 ஆண்டு ஆயிற்று. கட்டுமானம் தொடங்கிய 2002இலிருந்து எண்ணினாலும் பன்னிரண்டு ஆண்டுக்கு மேல். எரிபொருள் என்ற அளவில் அணுப்பிளவு நிலக்கரியைவிடத் தூயது, பாதுகாப்பானது, களஞ்சியப்படுத்த எளியது. கூடங்குளத்தை அஞ்சி நுரைச்சோலையை ஏற்றுக்கொண்டது இலங்கை செய்த பிழையான தெரிவு. ஆனால் அத்தூய எரிபொருளை ஏற்கும் வலையும் மேற்பார்வையும் இந்நாட்டில் இன்னும் உருவாகவில்லை. சாத்திய ஆய்வுக்கு 2010இல் உடன்பட்டும் இன்றுவரை கட்டப்படாமல் கிடக்கும் இந்திய–இலங்கை மின்வலை இணைப்பு நிறைவேறினால், கூடங்குளத்தில் பிறக்கும் மின்சாரமும் ஏனையவற்றோடு கலந்து வாணர் பாலத்தைக் கடந்து வரும். ஓர் அலகு நின்றால் தாங்கும் வலுவும் இலங்கை வலைக்குக் கிடைக்கும். அந்த இணைப்பும், அரசிடமிருந்தும் மின்சார நிறுவனங்களிடமிருந்தும் விடுபட்டு நிற்கும் ஓர் ஒழுங்குமுறைப் பேரவையும் முதலில் வரவேண்டும். உலைக்கு இடம் தேடுவது அவற்றுக்குப் பிந்திய வேலை.